வேலையின்மையும் நலத்திட்டமும் தொழில்நகரக் கொந்தளிப்பும்: கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பகுதியை முன்வைத்து ஓர் ஆய்வு

1. முன்னுரை

தொழிற்சாலைகள் பெருகினால் வேலை பெருகும். வேலை பெருகினால் வறுமை நீங்கும். வறுமை நீங்கினால் அமைதி நிலைக்கும் என்பது விடுதலைக்குப் பின் நம் நாட்டில் வேரூன்றிய நம்பிக்கை. வேலை கிட்டாதோர்க்கு அரசின் நலத்திட்டங்கள் கைகொடுக்குமாயின் கொந்தளிப்புக்கு இடமிராது என்பது அந்நம்பிக்கையின் மறுபாதி. இவ்விரண்டும் முற்றிலும் பொய்யல்ல. எனினும், தொழிற்சாலைகளும் நலத்திட்டங்களும் ஒருங்கே மிகுந்துள்ள திருவள்ளூர் மாவட்டத்திலும் அதனை ஒட்டிய தொழிற்பகுதிகளிலும் அண்மை ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை நோக்குவோர்க்கு, இந்நம்பிக்கையில் ஏதோ ஒரு கண்ணி விடுபட்டிருப்பது புலனாகும்.

விடுபட்ட அக்கண்ணி யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வேலையின்மை தானாகவே கலகத்தை விளைவிப்பதில்லை. நலத்திட்டம் தானாகவே அமைதியை விளைவிப்பதுமில்லை. முறையிடுவதற்கு ஓர் இடமும், அம்முறையீட்டுக்குப் பதில் கூறக் கடமைப்பட்ட ஓர் ஆளும் இல்லாத நிலையில்தான் இவ்விரண்டும் சேர்ந்து கொந்தளிப்பை உருவாக்குகின்றன. இதுவே நாம் இங்கு நிறுவ முயலும் கருத்து. தொழிற்பகுதிகளில் பணியாற்றும் ஆயர்களும், நாளை அங்கு அனுப்பப்படவிருக்கும் இறையியல் மாணவர்களும் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது. ஏனெனில் கொந்தளிப்பு எழுந்தபின் அமைதிக் கூட்டம் நடத்த அழைக்கப்படும் திருச்சபை, அது எழுமுன் எங்கே இருந்தது என்ற கேள்விக்கும் விடை கூற வேண்டியதாயிருக்கிறது.

2. வேலையோடு நலனும் சேர்ந்திருந்த காலம்

சென்னையின் வடக்கே கூடூர் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையின் ஓரமாகத் திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை, கும்மிடிப்பூண்டி என ஊர்கள் தொடர்கின்றன. மேற்கே செல்லும் பாதையில் அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் ஆகியவை அமைந்துள்ளன. 1997 சனவரி 1 அன்று செங்கற்பட்டு மாவட்டத்தினின்று பிரிக்கப்பட்டுத் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. விடுதலைக்குப் பிந்திய முதல் இரண்டு பத்தாண்டுகளில் எண்ணூரில் வாகனத் தொழிற்சாலையும், திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும், ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. 1971இல் நிறுவப்பெற்ற சிப்காட் நிறுவனத்தின் வாயிலாகக் கும்மிடிப்பூண்டியிலும் பின்னர் தேர்வாய்க்கண்டிகையிலும் தொழில் வளாகங்கள் அமைக்கப்பட்டன.

முந்திய தலைமுறைத் தொழிற்சாலையில் வேலை என்பது வெறும் கூலி அன்று. நிரந்தரப் பணி, வைப்புநிதி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி வந்த ஈ.எஸ்.ஐ. மருத்துவம், ஆலை உணவகம், தொழிற்சங்கம் ஆகிய யாவும் ஒரே வாயில் வழியாகத் தொழிலாளியின் இல்லத்தை அடைந்தன. குறை ஏற்பட்டால் யாரிடம் சொல்வது என்பதை அவர் அறிந்திருந்தார். மேலாளரின் பெயரும் சங்கச் செயலாளரின் பெயரும் அவருக்குத் தெரியும். வேலைநிறுத்தங்கள் அன்றும் நிகழ்ந்தன. சில கடுமையாகவும் இருந்தன. ஆயினும் அவற்றுக்கு ஒரு கோரிக்கைப் பட்டியலும், பேச்சுவார்த்தை மேசையும், முடிவில் ஓர் உடன்படிக்கையும் இருந்தன.

இன்றைய நிலை வேறு. ஒரே வளாகத்திற்குள் நிரந்தரத் தொழிலாளர் ஒரு சிலராகவும், ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சியாளரும் பலராகவும் இருப்பதைக் காண்கிறோம். ஒப்பந்தக்காரரின் கீழ் உள்ஒப்பந்தக்காரர். அவர்கீழ் ஆளெடுக்கும் முகவர். வேலை இங்கே, கூலி தருபவர் வேறிடத்தில், தங்குமிடம் மற்றொருவர் பொறுப்பில். ஆட்குறைப்புக்கு இழப்பீடு பெற ஓராண்டுத் தொடர்பணி, அதாவது 240 நாள் உழைப்பு, வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டம் வகுத்தது. அடிக்கடி ஒப்பந்தக்காரர் மாறும் தொழிலாளி அந்நாட்கணக்கை மெய்ப்பிப்பது எளிதன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொணரப்பட்ட நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டங்களின் இடத்தைப் பெற்றுள்ளன. எனினும் கணக்கை மெய்ப்பிக்க வேண்டிய இடர்ப்பாடு தொழிலாளியின் தோளினின்று இறங்கிவிடவில்லை.

3. ஒரே ஊரில் மூவகை மக்கள்

கும்மிடிப்பூண்டியைக் கூர்ந்து நோக்கின் மூவகை மக்கள் அருகருகே வாழ்வதைக் காணலாம்.

முதலாவது வகையினர், அட்டை உண்டு, வேலை இல்லை என்ற நிலையிலுள்ள உள்ளூர் மக்கள். தேர்வாய்க்கண்டிகையில் ஏறத்தாழ 1,100 ஏக்கர் மேய்க்கால் நிலம் தொழிற்பூங்காவுக்கென எடுக்கப்பட்டது. அந்நிலத்தைச் சார்ந்து ஆடுமாடு மேய்த்தும், விறகும் பிற விளைபொருளும் சேகரித்தும் வாழ்ந்தவர்களுள் பெரும்பாலோர் தலித் மக்கள். அயல்நாட்டு டயர்த் தொழிற்சாலை ஒன்று அங்கு அமைவதற்கான உடன்படிக்கை 2009இல் கையெழுத்தான காலந்தொட்டு அவர்கள் மறியலும் முறையீடும் செய்தனர். வழக்கு மன்றத்தையும் நாடினர். புறம்போக்கு நிலத்துக்குத் தனிப்பட்ட உரிமையாளர் எவருமில்லை. ஆதலின் தனிப்பட்ட இழப்பீடு பெறுவோரும் எவருமில்லை. பட்டா உள்ளவர் நிலத்தை இழந்தால் பணம் பெறுவார்; பட்டா இல்லாதவர் வாழ்வை இழந்தாலும் கணக்கில் வாரார். அவருக்கு எஞ்சுவது வேலை கிடைக்கும் என்ற வாக்கு மட்டுமே. பள்ளிப்படிப்பை முடித்த அவர்தம் பிள்ளைகள், தங்கள் மேய்ச்சல் நிலத்தின்மீது எழுந்த மதிலுக்கு வெளியே நின்று வேலை கேட்க வேண்டியவராயினர்.

இவர்களுக்கு நலத்திட்டங்கள் இல்லாமலில்லை. தமிழகத்தின் பொது விநியோகமுறை அனைவருக்கும் அரிசி வழங்குவது. அதன் நன்மையை எவரும் குறைத்துக் கூற இயலாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்து ஐந்தாண்டு காத்திருந்த ஏழை இளைஞர்க்கு உதவித்தொகையும் வகுக்கப்பட்டது: பத்தாம் வகுப்பில் தேறாதவர்க்கு மாதம் ரூ.200, பட்டதாரிக்கு ரூ.600, மூன்றாண்டு வரை. பசியை நீக்க அரிசி உதவியது. ஆனால் நகரத்துக்குச் சென்றுவரும் செலவுக்கும் போதாத தொகை, தன் ஊரிலேயே தனக்கு இடமில்லை என்ற உணர்வை நீக்கப் போதுமானதன்று.

இரண்டாவது வகையினர், வேலை உண்டு, அட்டை இல்லை என்ற நிலையிலுள்ள புலம்பெயர் தொழிலாளர். ஒடிசா, பீகார், சார்க்கண்டு, மேற்கு வங்கம், அசாம், உத்தரப்பிரதேசம் முதலிய மாநிலங்களினின்று வந்து இரும்பு உருக்காலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைப்போர் இவர்கள். இவர்கள் நலனுக்கென 1979இல் மாநிலங்களிடைப் புலம்பெயர் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அது ஒப்பந்தக்காரர் வழியாகக் கொணரப்பட்டோரையே கணக்கிற்கொண்டது. தாமே தொடர்வண்டி ஏறி வந்தவர் அச்சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை. புதிய சட்டத் தொகுப்பு தாமாக வந்தோரையும், மாதம் ரூ.18,000 என்னும் ஊதிய வரம்புக்குட்பட்டு, புலம்பெயர் தொழிலாளர் எனக் கொள்கிறது. 2020 அக்டோபரில் 'ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை'த் திட்டம் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. 2021 சூன் 29 அன்று உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களும் அதனை நிறைவேற்றுமாறு ஆணையிட்டது. இவை நல்ல அடிகளே. எனினும் சட்டத்தில் திறந்த கதவு தம் தெருவில் எங்கே உள்ளது என்பதை, தமிழ் அறியாத ஒருவருக்குச் சொல்ல ஆளில்லை.

மூன்றாவது வகையினர், உதவித்தொகை உண்டு, குடியுரிமை இல்லை என்ற நிலையிலுள்ள இலங்கைத் தமிழர். கும்மிடிப்பூண்டி முகாம் 1990 முதல் இருந்துவருகிறது. அங்குப் பிறந்த குழந்தைகள் இன்று பெற்றோராயுள்ளனர். 2021இல் அரசு, குடும்பத் தலைவருக்கு மாதம் ரூ.1,500, ஏனைய பெரியவர்க்கு ரூ.1,000, சிறுவர்க்கு ரூ.500 என உதவித்தொகையை உயர்த்தியது. முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் எனவும் பெயரிட்டது. உதவி தொடர்கிறது, ஆயினும் ஒரு தலைமுறைக்கு மேலாகியும் அவர்தம் நிலை என்ன என்ற கேள்விக்கு விடை இல்லை.

ஆக, ஒருவருக்கு வேலையின்றி நலன். மற்றொருவருக்கு நலனின்றி வேலை. வேறொருவருக்கு உரிமையின்றி உதவி. மூவரும் ஒரே கடைத்தெருவில் எதிர்ப்படுகின்றனர். 'இவர்கள் வந்ததால்தான் எங்களுக்கு வேலையில்லை' என்று ஒருவர் நினைக்கிறார். 'இவர்களுக்கு வீட்டிலிருந்தே எல்லாம் கிடைக்கிறது' என்று மற்றவர் நினைக்கிறார். முகவரியையும் அட்டையையும் அளவுகோலாகக் கொண்டு பகுக்கப்பட்ட நலன், வறியவரை வறியவர்க்கு எதிரே நிறுத்திவிடுகிறது.

4. கொந்தளிப்பு எவ்வாறு எழுகிறது?

இங்கு ஓர் உண்மையைக் கருத வேண்டும். அண்மையில் தெருவில் இறங்கியவர்கள் வேலையற்றோர் அல்லர், வேலையிலிருந்தவர்களே. அப்படியாயின் வேலையின்மைக்கும் கொந்தளிப்புக்கும் தொடர்பு யாது?

2021 திசம்பரில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். திருப்பெரும்புதூரிலுள்ள பாக்ஸ்கான் கைபேசித் தொழிற்சாலையில் பணிபுரிந்த இளம்பெண்கள், திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த பூந்தமல்லியில் ஒரு விடுதியில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். உணவு நஞ்சானதால் 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். சிலர் இறந்துவிட்டனர் என்ற வதந்தி பரவியது. திசம்பர் 17 இரவு தொடங்கிப் பெண்கள் சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். நோயுற்றோர் உயிருடன் இருப்பதைக் கைபேசிக் காணொளி வாயிலாகக் காட்டிய பின்னரே பலர் நம்பினர். எவரும் இறக்கவில்லை. ஆலை மூடப்பட்டு 2022 சனவரி 12 அன்று மீண்டும் திறக்கப்பட்டது. விடுதிகளின் நிலை தகுந்ததாயில்லை என்பதை நிறுவனத்தார்களே ஒப்புக்கொண்டனர்.

அப்பெண்கள் விடுதியின் உணவைப் பற்றி அதற்கு முன்னரே ஏன் வாய் திறக்கவில்லை? திறந்தால் நாளை அவ்விடத்தில் வேறொருத்தி நிற்பாள் என்பதை அவர்கள் அறிவர். இதுவே வேலையின்மை செய்யும் முதற்பணி. ஆலை வாயிலுக்கு வெளியே காத்திருக்கும் வரிசை, வாயிலுக்கு உள்ளே இருப்பவரின் வாயை அடைக்கிறது. அடைபட்ட குறைகள் மறைவதில்லை, குவிகின்றன. குவிந்தவற்றுக்கு ஒரு நாள் வதந்தியோ மரணமோ தீப்பொறியாகிவிடுகிறது. வதந்தி ஏன் அத்துணை எளிதில் நம்பப்பட்டது என்பதும் இதனால் விளங்கும். உண்மையைச் சொல்வார் என்று நம்பத்தக்க ஒருவர் இல்லாத இடத்தில், எவர் சொல்வதும் உண்மையாகவே தோன்றும். 2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்கள் தமிழகத்தில் தாக்கப்படுகின்றனர் எனப் பொய்யான காணொளிகள் பரவியபோது தொழிலாளர் பலர் அஞ்சி ஊர் திரும்பியதும் இக்காரணம் பற்றியே.

இரண்டாவது நிகழ்ச்சி, 2025 செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் நடந்தது. அங்குள்ள கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர் குடியிருப்பில் உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த தொழிலாளர் ஒருவர் தவறி விழுந்து இறந்தார். அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கோரித் திரண்ட புலம்பெயர் தொழிலாளர்க்கும் காவல்துறையினர்க்கும் இடையே மோதல் மூண்டது. கற்கள் வீசப்பட்டன, கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன, காவலர் சிலர் காயமுற்றனர், தொழிலாளர் பலர் கைதாயினர்.

கல்லெறிதலை நாம் நியாயப்படுத்த வேண்டியதில்லை. எனினும் அதன் பின்னுள்ள கேள்வியைத் தவிர்க்கவும் இயலாது. வேலையின்போதும் வேலையின் காரணமாகவும் நேரும் விபத்துக்கே இழப்பீடு என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதற்கொண்டு வந்துள்ள நெறி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்துவந்து, வேலையளித்தோர் தந்த குடியிருப்பில் உறங்கி, அதே வளாகத்தை அண்டியே நாள்முழுதும் வாழ்பவருக்கு, எது வேலைநேரம், எது ஓய்வுநேரம்? சட்டம் கோடு கிழிக்கும் இடமும், வாழ்க்கை ஓடும் இடமும் வெவ்வேறாயுள்ளன. அந்த இடைவெளியில் நின்று, தம் மொழியில் கேட்டு, தம் மொழியில் விடைகூற ஒருவர் இல்லாதபோது, கூட்டத்தின் பருமனே முறையீடாகிறது.

அதே மாதம் 30ஆம் நாள், அதே கடலோரப் பகுதியில், எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் திட்டத்தில் சாரம் சரிந்து 9 தொழிலாளர் மாண்டனர். அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். தமிழக அரசு குடும்பத்துக்குத் தலா ரூ.10 இலட்சமும், தலைமை அமைச்சரின் நிதியிலிருந்து ரூ.2 இலட்சமும் அறிவிக்கப்பட்டன. அறிவிப்பு விரைந்து வந்தது நன்றே. எனினும் நிவாரணம் சட்டத்தின் வழியே தானாக வராமல், ஒவ்வொரு முறையும் அறிவிப்பின் வழியே வருமாயின், பார்த்திருப்போர் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுண்டு: சிறு இழப்புகள் செவியில் ஏறா, பெரிதானவையே ஏறும். ஆகவே நம் இழப்பையும் பெரிதாகக் காட்ட வேண்டும். இவ்வாறு, அமைதிக்காக அளிக்கப்படும் உதவியே அமைதியின்மைக்குப் பயிற்சியளித்துவிடுகிறது.

5. வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு

இது புதிதன்று. இதே வடசென்னைப் பகுதியில், பெரம்பூர் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளில் 1921இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் நம் நினைவுக்குரியது. 1918இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் வழிகாட்டலில், திரு.வி.க. முதலிய தலைவர்கள் முன்னிற்க, சாதி இந்துக்களும் இசுலாமியரும் ஆதிதிராவிடரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். வேலைநிறுத்தம் நீண்டபோது, கடனிலும் வறுமையிலும் ஆழ்ந்திருந்த ஆதிதிராவிடத் தொழிலாளர் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சூன் இறுதியில் புளியந்தோப்பில் மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அரசு ஆதிதிராவிடர்க்குத் தங்குமிடமும் நிவாரணமும் அளித்தது. ஆகஸ்டு 29 அன்று காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின.

அப்போது எழுந்த குற்றச்சாட்டு கருதத்தக்கது. அரசின் தொழிலாளர் துறை ஆதிதிராவிடர்க்குச் சலுகை காட்டியதே கலகத்துக்குக் காரணம் என்று நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியார் போன்றோர் கூறினர், எம்.சி. ராசா அதனை மறுத்து ஆதிதிராவிடர் பக்கம் நின்றார். குடிசை எரிந்தவர்க்கு உதவி தேவையாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வேலையிழந்து பட்டினி கிடந்த அயலானுக்கு எதுவும் இல்லை என்ற நிலையில், ஒருசாரார்க்கு வந்த உதவி மறுசாரார் கண்ணுக்கு வேலைநிறுத்தத்தை முறியடிக்கும் கருவியாகத் தோன்றிற்று. உதவி தவறன்று, உதவியை வகுத்த முறையில் இரு சாராரும் சேர்ந்து அமர்ந்து கேள்வி கேட்க ஓர் இடம் இல்லாதிருந்ததே தவறு. அதனால், சாதியைக் கடந்து கட்டப்பட்ட ஒரு சங்கம் சாதியால் பிளவுண்டது.

அமெரிக்காவிலும் இத்தகைய படிப்பினை உண்டு. 1967இல் டெட்ராய்ட் முதலிய நகரங்களில் கறுப்பின மக்களிடையே கொந்தளிப்பு எழுந்தபோது அதிபர் ஜான்சன் ஒரு குழுவை அமைத்தார். கெர்னர் குழு எனப்படும் அது 1968இல் அளித்த அறிக்கை, கலகத்தில் ஈடுபட்டவர் புதிதாகக் குடிவந்த நாடோடி என்ற பொதுக்கருத்தை மறுத்தது. பெரும்பாலும் அவர் அந்நகரிலேயே வளர்ந்தவர். கலகத்தில் சேராத அயலாரைவிடச் சற்றுக் கூடுதலாகப் படித்தவர். தகுதிக்குக் குறைந்த வேலையிலிருந்தவர். நலத்திட்டமும் அவ்வறிக்கையில் குறைகூறப்பட்டது. குறிப்பிட்ட காலம் அம்மாநிலத்தில் குடியிருந்தாலன்றி உதவியில்லை என்பன போன்ற விதிகள் மக்களைத் தாழ்வுறுத்துவதாக அக்குழு கண்டது. 1969இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய ஓராண்டுக் குடியிருப்பு விதியைச் செல்லாதென்றது. முகவரியை வைத்து நலனை வகுப்பதன் தீங்கு, இவ்வாறு இரு கண்டங்களிலும் வெளிப்பட்டுள்ளது.

அந்நாட்டு அறிஞர் பிவன், குளோவர்டு என்னும் இருவர் 1971இல் வேறொரு கருத்தையும் முன்வைத்தனர். கொந்தளிப்பு எழும்போது உதவி விரிகிறது, அடங்கியதும் சுருங்குகிறது, ஆகவே உதவியின் உள்நோக்கம் ஏழையை வாழவைப்பதன்று, அடக்கிவைப்பதே என்பது அவர்தம் கூற்று. இதனை முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. தமிழகத்தின் அரிசித் திட்டமும் சத்துணவும் கலவரத்துக்கு அஞ்சிப் பிறந்தவையல்ல. எனினும் நம் உதவிகளை நாமே ஆராய்ந்துபார்க்க அக்கருத்து ஓர் உரைகல்லாகும்.

6. திருமறையின் ஒளியில்

இச்சிக்கலை நேராகப் பேசும் பகுதி அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரம். ஆதித் திருச்சபையில் ஒரு நலத்திட்டம் இருந்தது. அது விதவைகளுக்கான அன்றாட உணவுப் பகிர்வு. அதில் கிரேக்க மொழி பேசிய விதவைகள், அதாவது வெளிநாடுகளினின்று எருசலேமுக்கு வந்து தங்கியோர், கவனிக்கப்படாமற் போயினர். முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் செய்தவற்றையும் செய்யாதவற்றையும் ஒருங்கே நோக்க வேண்டும்.

அவர்கள் முறுமுறுப்பைப் பாவம் எனக் கண்டிக்கவில்லை. அதனைச் செய்தியாகக் கொண்டனர். உணவின் அளவைக் கூட்டி முறுமுறுப்பை அடக்க முயலவுமில்லை. பகிர்வோர் யார் என்பதையே மாற்றினர். திருச்சபையாரைக் கூட்டி எழுவரைத் தெரிந்தெடுக்கச் செய்தனர். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அவ்வெழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. குறைபட்டோரின் மொழி அறிந்தவரிடமே பந்தியின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நலன் உரிமையாக மாறுவது இவ்விடத்தில்தான்: பெறுவோர், பகிர்வதைப் பற்றிப் பேசவும் தீர்மானிக்கவும் இடம்பெறும்போது.

திராட்சத் தோட்ட உவமையும் (மத்தேயு 20) இதனோடு இணைத்துப் படிக்கத்தக்கது. பதினோராம் மணி நேரத்திலும் கடைத்தெருவில் நின்றவரிடம் எசமான் காரணம் கேட்கிறார். தங்களை வேலைக்கு அழைப்பார் இல்லை என்பதே அவர்கள் விடை. சோம்பல் அவர்களை நிறுத்தவில்லை, வாய்ப்பின்மை நிறுத்தியது. மாலையில் அனைவர்க்கும் ஒரே கூலி தரப்பட்டபோது, காலைமுதல் உழைத்தவர் முறுமுறுக்கின்றனர். இங்கும் நலன் பொறாமைக்கு இடமாகிறது. ஆனால் அங்கு எசமான் இருக்கிறார். முறுமுறுத்தவர்முன் நின்று, நண்பனே என விளித்து, தாம் செய்ததற்குக் காரணம் கூறுகிறார். நம் தொழிற்பகுதிகளில் காணாமற்போனது இவ்வெசமானே. கூலி வந்துவிடுகிறது, கூலிக்குப் பொறுப்பாளி வருவதில்லை.

சமாதானம் இல்லாதிருக்கையில் சமாதானம் உண்டெனப் பறைசாற்றியோரை எரேமியா கடிந்துரைத்ததும் நாம் மறக்கத்தகாதது. தெரு அமைதியாயிருப்பது வேறு. தெருவில் வாழ்வோர் சமாதானத்தோடிருப்பது வேறு.

7. திருச்சபையின் பணி

இவற்றால் நம் சேகரங்களுக்கு விளையும் கடமைகள் சில உள.

முதலாவது, அறிதல். தம் சேகர எல்லைக்குள் எத்தனைத் தொழிலாளர் விடுதிகள் உள்ளன, எம்மொழியினர் வாழ்கின்றனர், தொழிலாளர் துறை அலுவலகமும் ஈ.எஸ்.ஐ. மருந்தகமும் எங்குள்ளன என்பதை ஆயர் அறிந்திருத்தல் வேண்டும். 2018இல் ஏற்பட்ட ஒரு திட்டத்தின்கீழ் வேலையிழந்த ஈ.எஸ்.ஐ. உறுப்பினர் 90 நாள் வரை உதவித்தொகை கோரலாம். 2020இல் அத்தொகை சராசரி ஊதியத்தில் 25 விழுக்காட்டினின்று 50 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இதனை அறிந்த தொழிலாளர் எத்தனைபேர்? அறியாத உரிமை, இல்லாத உரிமையே.

இரண்டாவது, மொழி. சார்க்கண்டினின்று வருவோருள் முண்டா, உராவோன் பழங்குடிக் கிறித்தவர் உண்டு. 1845இல் ராஞ்சியில் தொடங்கிய கோஸ்னர் அருட்பணியின் வழிவந்த லுத்தரன் திருச்சபையின் மக்களும் அவர்களுள் இருக்கக்கூடும். நம் ஆலயத்தின் பின்வரிசையில் ஒரு மொழியும் புரியாமல் அமர்ந்திருப்பவர் அந்நியரல்லர், நம் உடன்பிறந்தார். மாதத்தில் ஒரு முறையாவது அவர் மொழியில் வழிபாடு நடத்தவும், அவருள் ஒருவரைச் சேகரக் குழுவில் அமர்த்தவும் நம்மால் இயலாதா? ஆதித் திருச்சபை எழுவரைத் தெரிந்தெடுத்ததன் பொருள் இன்று இதுவே.

மூன்றாவது, உள்ளூர் இளைஞரை விலக்காமை. புலம்பெயர்ந்தோர்க்கு மட்டும் உணவுப்பொதி வழங்கும் திருச்சபை, அறியாமலே 1921ஆம் ஆண்டின் பிழையைத் திரும்பச் செய்யக்கூடும். நிலமிழந்த ஊரின் வேலையற்ற இளைஞரையும் ஒப்பந்தத் தொழிலாளரையும் ஒரே கூடத்தில் அமரச் செய்து, இருவர்க்கும் பொதுவான கோரிக்கை எதுவெனக் கண்டறிய உதவுவதே மேலானது. உள்ளூராரின் கோரிக்கை நிலையான வேலை. வந்தவரின் கோரிக்கையும் அதுவே. ஒப்பந்தமுறை இருவரையும் வருத்துகிறது.

நான்காவது, முறையிடும் வழியைப் பாதுகாத்தல். 2023 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைத் திட்டத்தில் விண்ணப்பம் ஏற்கப்படாதோர்க்குக் காரணம் குறுஞ்செய்தியாக அனுப்பப்பட்டது. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவும் வழி வைக்கப்பட்டது. தொகையின் பெயரில் உரிமை என்ற சொல் இருப்பதைவிட, மறுக்கப்பட்டவர்க்குக் காரணம் கேட்கும் வழி இருந்ததே அதனை உரிமைக்கு அண்மையதாக்கிற்று. விடுதியில் தங்கும் தொழிலாளிக்கும், நிலமிழந்தவர்க்கும், முகாமில் வாழ்பவர்க்கும் இத்தகைய வழி வேண்டும் என்று வலியுறுத்துவது திருச்சபையின் தீர்க்கதரிசனப் பணியாகும்.

8. முடிவுரை

வேலையின்மை மக்களை ஊமையாக்குகிறது. பகுத்துப் பகுத்து அளிக்கப்படும் நலன் அவர்களை ஒருவர்க்கொருவர் செவிடராக்குகிறது. ஊமையும் செவிடுமான ஒரு நகரத்தில் கற்களே பேசத் தொடங்குகின்றன. அக்கற்களைக் கண்டு அஞ்சுவோர் கூடுதல் காவலையோ கூடுதல் அரிசியையோ நாடுவர். இரண்டும் ஓரளவு தேவைப்படலாம். எனினும் இரண்டும் செவியின் இடத்தை நிரப்பமாட்டா.

இறையியல் மாணவர் தம் களப்பணிக்காகத் தொழிற்பகுதிக்குச் செல்லும்போது, முதல் மாதத்தில் எதையும் வழங்காமல் கேட்டறிவதை மட்டுமே தம் பணியாகக் கொள்வாராக. யாருக்கு எந்த அட்டை உண்டு, எது இல்லை, குறை நேர்ந்தால் யாரிடம் செல்கின்றனர் என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவரட்டும். மூன்றாம் கேள்விக்கு 'எவரிடமும் இல்லை' என்ற விடை எந்தத் தெருவில் மிகுதியோ, அந்தத் தெருவே சேகரத்தின் அடுத்த பணித்தளம்.